புல்வெளியின் விலையாவணம்: பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க விளைநில விற்பனையும் தமிழ்த் திணையாய்வும்

திணைக் கோட்பாட்டைச் சூழலியல் நோக்கில் விளக்கப் புகும் தமிழ்க் கட்டுரைகளில் அமெரிக்க நிலம் பெரும்பாலும் இரண்டு கோலங்களில் காட்சி தருகிறது. ஏரும் மூடுவண்டியுமாக மேற்கே சென்ற குடியானவன் ஆளில்லாப் புல்வெளியை உழுது தனதாக்கிக்கொண்ட கோலம் ஒன்று. நிலத்தை விற்பது என்றால் என்னவென்றே அறியாத தொல்குடித் தலைவர் ஒருவர் வெள்ளையரை நோக்கித் துயரத்தோடு வினாத் தொடுக்கும் கோலம் மற்றொன்று. முன்னது, பாரதி காலந்தொட்டே தமிழுக்கு அறிமுகமான வால்ட் விட்மன் வழியாகவும் ஆங்கிலப் பாடநூல்கள் வழியாகவும் வந்து சேர்ந்தது. பின்னது 'சியாட்டில் கடிதம்' என்னும் பெயரில் சிற்றிதழ்களிலும் சூழலியல் மேடைகளிலும் பரவி, இன்று கருத்தரங்கக் கட்டுரைகளில் முதன்மைச் சான்றாகவே ஆளப்படுகிறது. முல்லை நிலத்து வாழ்வையும் குறிஞ்சி நிலத்து வாழ்வையும் இதனோடு ஒப்பிட்டு, நிலத்தைப் பண்டமாகக் கருதாத தொல்மனம் இருபுறத்தும் ஒன்றே என்று முடிப்பது ஏறத்தாழ ஒரு மரபாகிவிட்டது.

இவ்விரு கோலங்களும் ஒன்றற்கொன்று எதிரானவை போலத் தோன்றினும் ஒரு செய்தியில் உடன்படுகின்றன. இரண்டிலும் விற்பனை இல்லை. குடியானவன் உழைப்பால் பெற்றான், தலைவர் இழந்தார், இடையே ஏலம் இல்லை, தவணை இல்லை, தரகர் இல்லை, பட்டா இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க விளைநிலத்தின் வரலாறோ தொடக்கம் முதல் இறுதிவரை விற்பனையின் வரலாறாகும். அதனை நீக்கிவிட்டு எழுதப்படும் ஒப்பீடு அமெரிக்க நிலத்தையும் விளக்காது. திணைக்கும் பெருமை சேர்க்காது. விற்கத் தெரியாதவர் என்று தொல்குடியினரைப் புகழ்வது, அவர்தம் நிலத்தைப் பறித்தோர் நீதிமன்றத்தில் முன்வைத்த வாதத்தை அறியாமலே வழிமொழிவதுமாகும். இது சிறிய பிழையன்று.

சியாட்டில் உரையின் வரலாறு

'சியாட்டில் கடிதம்' எனத் தமிழில் வழங்கும் பனுவல் கடிதமன்று. சியாட்டில் தலைவர் இயற்றியதும் அன்று. 1850களின் நடுவில் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் முன்னிலையில் அவர் தம் மொழியில் ஓர் உரை நிகழ்த்தியதாகக் கூறப்படுகிறது. அதன் ஆங்கில வடிவம் எனத் தாம் கருதியதை ஹென்றி ஸ்மித் என்ற மருத்துவர் 1887 அக்டோபர் 29-இல் 'சியாட்டில் சண்டே ஸ்டார்' செய்தித்தாளில் வெளியிட்டார். இடைவெளி முப்பது ஆண்டுகளுக்கும் மேல். அந்த வடிவத்திலும் வானத்தை எப்படி விற்பது என்னும் புகழ்பெற்ற வினா இல்லை. அது டெட் பெர்ரி என்பவர் 1970களின் தொடக்கத்தில் 'ஹோம்' என்னும் சுற்றுச்சூழல் ஆவணப்படத்திற்காக எழுதிய வசனம். படத்தில் எழுதியவர் பெயர் இடம்பெறாமற்போகவே, வசனம் தலைவருடைய வாக்காகவே உலகெங்கும் பரவிற்று. ரயிலிலிருந்து சுட்டு வீழ்த்தப்பட்ட காட்டெருமைகளைத் தலைவர் கண்டதாக அவ்வசனம் கூறுகிறது. பசிபிக் கரையில் வாழ்ந்த சியாட்டில் 1866-இல் மறைந்தார். கண்டத்தைக் கடக்கும் இருப்புப்பாதை நிறைவுற்றது 1869-இல். ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் கைசர் 1980களிலேயே இப்பனுவலின் பிறப்பை ஆராய்ந்து வெளியிட்டுவிட்டார். பாடவேறுபாடு ஒன்றிற்காகப் பல சுவடிகளைப் புரட்டிப் பார்க்கும் பதிப்பு மரபில் வந்த துறையினர் இதனை மட்டும் சரிபாராது ஏற்றுக்கொண்டது வியப்பிற்குரியது.

சியாட்டில் தலைவரின் குறி இடப்பெற்ற ஆவணம் ஒன்று உண்டு. 1855 ஜனவரி 22-இல் கையெழுத்தான பாயிண்ட் எலியட் உடன்படிக்கை அது. நிலம் விட்டுக்கொடுக்கப்பட்டதற்கு ஈடாக 1,50,000 டாலர், இருபது ஆண்டுகளில் பகுதி பகுதியாக வழங்கப்படும் என்று அதில் எழுதப்பட்டது. தொகை மிகக் குறைவு; சூழல் நெருக்கடியானது; பேச்சு வார்த்தை சில நூறு சொற்களே கொண்ட சினூக் வணிகக் கலப்புமொழியில் நடந்தது. இவையெல்லாம் உண்மை. எனினும் அதே ஆவணத்தில், வழக்கமாக மீன் பிடித்துவந்த இடங்களில் தொடர்ந்து மீன் பிடிக்கும் உரிமையைத் தொல்குடியினர் தமக்கென நிறுத்திவைத்துக்கொண்ட பிரிவும் இருக்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1974-இல், நீதிபதி ஜார்ஜ் போல்ட் அப்பிரிவையும் அதையொத்த பிற உடன்படிக்கைப் பிரிவுகளையும் சான்றாகக் கொண்டே, வாஷிங்டன் மாநிலத்தில் பிடிக்கத்தக்க மீன்வளத்தில் பாதிவரை தொல்குடியினர்க்கு உரியது எனத் தீர்ப்பளித்தார். மேடைகளில் மேற்கோள் காட்டப்படும் உரை எந்த நீதிமன்றத்திலும் ஒரு மீனைக்கூடப் பெற்றுத் தரவில்லை. எவரும் மேற்கோள் காட்டாத ஆவணம் பெற்றுத் தந்தது.

இதனினும் முதன்மையானது 1823-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் வழங்கிய தீர்ப்பு. 'ஜான்சன் எதிர் மக்கின்டாஷ்' என்பது வழக்கின் பெயர். இல்லினாய், பியன்கெஷா குடியினர் 1773-இலும் 1775-இலும் தம் நிலப்பகுதிகளைத் தனியார்க்கு விற்றிருந்தனர். அவ்விற்பனை செல்லாது என்பதே தீர்ப்பு. தொல்குடியினர்க்கு இருப்பது குடியிருக்கும் உரிமை மட்டுமே. முழு உடைமை கண்டுபிடித்த அரசைச் சார்ந்தது. ஆகவே அரசுக்கு அல்லாமல் வேறு எவர்க்கும் அவர்கள் விற்க இயலாது என்று நீதிமன்றம் கூறிற்று. வாங்குவோர் ஒருவரே என்றால் விலை என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதுவரை குடியேறிகள் தொல்குடியினரிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்கியே வந்தனர் என்பதையும், உடைமை என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை என்னும் கருத்து பின்னர் வலுப்பெற்றது என்பதையும் ஸ்டூவர்ட் பேனர் 2005-இல் வெளியிட்ட நூல் விரிவாக நிறுவுகிறது. பல தொல்குடிகள் சோளக் கொல்லைகளைக் குடும்பவாரியாகப் பிரித்து உழுதவை, எல்லை வகுத்தவை, பிறர் புகுந்தால் தடுத்தவை. விற்கத் தெரியாத தொல்மனம் என்பது காட்டிலிருந்து வந்த கருத்தன்று. நீதிமன்றத்தின் வழியே நிலைபெற்றது. அதனைத் திணையோடு இணைத்துப் போற்றும் கட்டுரையாளர் எவரை ஆதரிக்க எண்ணுகிறாரோ அவர்க்கு எதிராகவே சான்று சொல்கிறார்.

கோடு, ஏலம், தவணை

சோழர் காலக் கல்வெட்டுகளைப் பயின்றவர்க்கு நிலவிற்பனை ஆவணம் புதிதன்று. கீழ்பால் எல்லை இன்ன வாய்க்கால், தென்பால் எல்லை இன்னார் நிலம் என நான்கெல்லை கூறி, அளவு கூறி, விலை கூறி, கையெழுத்திட்டோர் பெயர் கூறி முடியும் விலையாவணத்தை வைத்துக்கொண்டு ஊரமைப்பையும் பாசனத்தையும் சாதியடுக்கையும் மீட்டெடுக்கும் புலமை தமிழ்த்துறைகளுக்கு உண்டு. அப்புலமை கடல் கடந்ததும் ஏன் உறங்கிவிடுகிறது என்று தெரியவில்லை. அமெரிக்கப் பட்டாவைக் கையிலெடுத்தால் முதலில் கண்ணிற்படுவது அதில் வாய்க்கால் இல்லை என்பதுதான். பக்கத்து நிலத்தான் இல்லை, மரம் இல்லை, பாறை இல்லை. எண்கள் மட்டுமே உள்ளன.

1785-ஆம் ஆண்டின் நில ஆணை இதற்கு அடிப்படை. ஒஹையோ ஆற்றங்கரையில் ஒரு புள்ளியை நிறுத்தி, அங்கிருந்து மேற்கே சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினர். சங்கிலியின் நீளம் 66 அடி. எண்பது சங்கிலி ஒரு மைல். பக்கத்திற்கு ஆறு மைல் கொண்ட சதுரம் ஒரு டவுன்ஷிப். அது 36 செக்ஷன்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு செக்ஷன் 640 ஏக்கர். மலை வந்தாலும் சதுப்பு வந்தாலும் கோடு வளையக் கூடாது. பதினாறாம் செக்ஷன் பள்ளிக்கு ஒதுக்கப்பட்டது. மற்றவற்றை ஏலத்தில் விற்று, போரினால் கடன்பட்ட அரசின் கருவூலத்தை நிரப்புவதே நோக்கம். நிலத்தைப் பாராமலேயே, தொலைநகரில் அமர்ந்து, எண்ணைச் சொல்லி வாங்கலாம், எண்ணைச் சொல்லி விற்கலாம் என்னும் நிலை இவ்வாறு தோன்றியது. முல்லை, மருதம் என்று நிலத்தை அதன் இயல்பால் பெயரிடும் மரபிற்கு நேர் எதிரான பெயரிடல் இது. ஒப்பிட வேண்டுமென்றால் ஒப்பிட வேண்டிய இடம் இதுவே. ஆயினும் திணையொப்பீட்டுக் கட்டுரைகள் இந்தச் சதுரத்தின் பக்கம் வருவதில்லை.

விலையின் கதையும் பயில வேண்டியது. தொடக்கத்தில் ஏக்கர் ஒன்றுக்குக் குறைந்த விலை ஒரு டாலர். குறைந்த அளவு 640 ஏக்கர். 1796-இல் விலை இரண்டு டாலராயிற்று. குடியானவன் எவனும் அவ்வளவு பணத்தை ஒருங்கே காண இயலாது என்பதால் 1800-ஆம் ஆண்டுச் சட்டம் தவணை முறையைக் கொணர்ந்தது. அளவும் பாதியாகக் குறைந்தது. தவணை, நிலத்தைக் குடியானவனுக்கு எட்டச்செய்தது போலவே ஊக வணிகர்க்கும் எட்டச்செய்தது. கால்பங்கு முன்பணம் கட்டிவிட்டு, அடுத்த தவணைக்குள் விலை ஏறினால் விற்றுவிடலாம் என்ற கணக்கில் பெருநிலங்கள் பதிவாயின. 1819-இல் வங்கிகள் சரிந்தபோது நிலம் வாங்கியோர் அரசுக்குச் செலுத்த வேண்டிய நிலுவை 2 கோடியே 10 இலட்சம் டாலரை எட்டியிருந்தது. 1820-இல் தவணை ஒழிக்கப்பட்டு, ஏக்கர் 1.25 டாலர், குறைந்த அளவு 80 ஏக்கர், முழுத்தொகையும் ரொக்கம் என்று ஆயிற்று. 1832-இல் அளவு 40 ஏக்கராகக் குறைந்தது. நூறு டாலர் இருந்தால் ஒரு பண்ணை என்பது கேட்க இனியது. அந்த நூறு டாலரைக் கடனாகத் தந்தவர் யார், என்ன வட்டிக்குத் தந்தார் என்பதுதான் அடுத்த வினா. அரசிடம் செலுத்த வேண்டியது ரொக்கமானதும் தவணை முறை அழியவில்லை. தனியார் கைக்கு மாறியது, அவ்வளவே. கடன் கொடுப்பவர் தம் பெயரில் நிலத்தை ஏலத்தில் எடுத்து, ஓராண்டோ ஈராண்டோ கழித்து மிகை விலைக்கு விற்பதாகக் குடியானவனுக்கு முறி எழுதிக் கொடுக்கும் வழக்கம் அயோவாவிலும் இல்லினாயிலும் வேரூன்றியது.

1836-ஆம் ஆண்டு இதன் உச்சம். அவ்வோராண்டில் மட்டும் ஏறத்தாழ 2 கோடி ஏக்கர் பொதுநிலம் விற்பனையாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன், நிலத்திற்குப் பொன்னும் வெள்ளியுமே செலுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். மறு ஆண்டே பெரும் வீழ்ச்சி. நில விற்பனை ஒரு நாட்டின் வங்கி முறையையே உயர்த்தவும் கவிழ்க்கவும் வல்லதாய் இருந்த காலத்தை 'மண்ணோடு ஒன்றிய எளிய வாழ்வு' என்று எழுதுவோர் எதைப் படித்துவிட்டு எழுதுகின்றனர்?

ஏலத்திற்கு முன்பே குடியேறி உழுதவர்கள் தம் நிலத்தை வெளியூரார் கேட்டு உயர்த்திவிடாதபடி சங்கம் அமைத்துக்கொண்டனர். அயோவாவில் 1838 முதல் இத்தகைய சங்கங்கள் பல செயற்பட்டன. ஒவ்வொருவர் உரிமைப் பகுதியையும் பதிவேட்டில் எழுதி, ஏல நாளில் ஒருவரை நிறுத்திக் குறைந்த விலைக்கே கேட்கச் செய்வர்; வேறெவரேனும் வாய் திறந்தால் சுற்றி நிற்கும் கூட்டம் பார்த்துக்கொள்ளும். உழவர் ஒற்றுமைக்கு இதனை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். ஆலன் போக் 1958-இல் அயோவாச் சங்கங்களை ஆராய்ந்தபோது வேறொரு முகம் தெரிந்தது. சங்கத்தாரே பலர் தம்மால் உழ இயலாத அளவு நிலத்தைப் பதிந்துகொண்டு, பின்வந்தோர்க்கு அவ்வுரிமையை விற்றனர். பட்டா கைக்கு வருமுன்னரே உரிமை கைமாறியது. உழுபவன் ஒருபுறம், ஊக வணிகன் மறுபுறம் என்று கோடு கிழிப்பது அவ்வளவு எளிதன்று. பல வேளைகளில் இருவரும் ஒருவரே.

'இலவச நிலம்'

1862 மே 20-இல் ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் பற்றிய மயக்கமே எல்லாவற்றினும் பெரிது. ஐந்தாண்டு குடியிருந்து உழுதால் 160 ஏக்கர். கட்டணம் பதினெட்டு டாலர். இதனை 'உழுபவனுக்கே நிலம்' என்ற இந்திய முழக்கத்தின் முன்னோடியாகக் காட்டுவோர் உளர். சட்டம் பொய்யன்று. அச்சட்டத்தின் கீழ் மொத்தம் ஏறத்தாழ 16 இலட்சம் பேர் 27 கோடி ஏக்கர் நிலத்திற்குப் பட்டா பெற்றனர். ஆயினும் அச்சட்டம் வந்த பின்னரும் ஏலம் நிற்கவில்லை; முன்னுரிமை விற்பனை நிற்கவில்லை; போர்வீரர்க்கு அளித்த நிலச்சீட்டுகளைத் தரகர் வாங்கி விற்பது நிற்கவில்லை. இருப்புப்பாதைக் குழுமங்களுக்கு நடுவணரசு வழங்கிய நிலம் மட்டும் 13 கோடி ஏக்கர் அளவினது. பாதைக்கு அணித்தான நல்ல நிலம் அக்குழுமங்களின் கையில் விலைக்கு இருந்தது; இலவச நிலம் வண்டி சென்று விளைச்சலை ஏற்றிவர இயலாத் தொலைவில் இருந்தது. ஆறு மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி உடனே பட்டா பெறலாம் என்ற பிரிவும் அச்சட்டத்திலேயே உண்டு. பொருந்தா நிலமுறையொன்றின் மீது ஒட்டப்பட்ட சட்டம் இது என்று பால் வாலஸ் கேட்ஸ் 1936-இலேயே எழுதினார். கேட்ஸ் மோசடியை மிகைப்படுத்தினார், உண்மையாகக் குடியேறிப் பட்டா பெற்றோர் அவர் கருதியதினும் மிகுதி என்று 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மறுத்துள்ளது. அம்மறுப்பை ஏற்றுக்கொண்டாலும், அந்த நிலம் எங்கிருந்து வந்தது என்னும் வினா அப்படியே நிற்கிறது.

அது தொல்குடியினரிடமிருந்து உடன்படிக்கை வழியாக, சில்லறை விலைக்கு அரசு வாங்கிய நிலம். வாங்காமலே எடுத்துக்கொண்டதும் உண்டு. 1887-இன் டாஸ் சட்டம் எஞ்சியிருந்த பொதுநிலங்களையும் தனித்தனிப் பங்குகளாக அறுத்து, மீந்ததை 'உபரி' என்று பெயரிட்டு விற்பனைக்குத் திறந்துவிட்டது. அவ்வாண்டில் தொல்குடியினர் கையில் இருந்தது 13 கோடியே 80 இலட்சம் ஏக்கர். 1934-இல் 4 கோடியே 80 இலட்சம்.

புனைகதை மறைத்ததும் காட்டியதும்

இலக்கியத் துறையினர்க்கு நிலச்சட்டம் எதற்கு என்று கேட்கலாம். லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி' 1935-இல் வெளிவந்த நாவல். உலகெங்கும் சிறார் இலக்கியத்தின் செல்வமாகப் போற்றப்படுவது. கன்சாஸ் புல்வெளியில் ஒரு குடும்பம் தன் கையால் வீடு கட்டி, கிணறு தோண்டி, உழுது, பின்னர் படைவீரர் வந்து வெளியேற்றப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு எல்லாவற்றையும் விட்டுப் புறப்படுவதே கதை. தொடக்கப் பதிப்பில் அந்நிலத்தில் மனிதர் எவருமில்லை, இந்தியர் மட்டுமே இருந்தனர் என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் இருந்தது. வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டிய பின், 1953-இல் 'மனிதர்' என்ற சொல் 'குடியேறிகள்' என்று மாற்றப்பட்டது. ஒரு சொல் மாறிற்று. கதையின் அடித்தளம் மாறவில்லை.

அந்த நிலம் ஒசேஜ் குடியினர்க்கு உரியது. இன்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து நாற்பது மைல் என்று நாவல் கூறுகிறது. உண்மையில் அக்குடும்பம் இருந்த இடம் அதில் மூன்றிலொரு பங்கு தொலைவே. 1869-இல் அவர்கள் அங்கே குடியேறியபோது அது விற்பனைக்கு வரவே இல்லை. அதற்கு முந்திய ஆண்டுதான் இருப்புப்பாதைக் குழுமம் ஒன்றிற்கு 80 இலட்சம் ஏக்கரை 16 இலட்சம் டாலருக்கு, அஃதாவது ஏக்கர் இருபது சென்ட்டுக்கு, ஒசேஜ் குடியினரை விற்கச் செய்யும் உடன்படிக்கை ஒன்று புனையப்பட்டிருந்தது. எதிர்ப்பு மிகுந்து அது கைவிடப்பட்டது. 1870 ஜூலை 15-இல் இயற்றப்பட்ட சட்டப்படி அந்நிலம் ஏக்கர் 1.25 டாலருக்குக் குடியேறிகளுக்கு விற்கப்பட்டு, தொகை ஒசேஜ் கணக்கில் சேர்க்கப்படும் என்று முடிவாயிற்று. அஃதாவது, நாவலின் தந்தை அங்கேயே தங்கியிருந்தால் 160 ஏக்கரை இருநூறு டாலருக்கு வாங்கியிருக்கலாம். அவரை எந்தப் படையும் வெளியேற்றவில்லை. அவர்கள் திரும்பியதன் காரணமாக வாழ்க்கை வரலாற்று ஆய்வாளர்கள் காட்டுவது வேறு. விஸ்கான்சினில் அவர் விற்றுவிட்டு வந்த நிலத்திற்கு, வாங்கியவரால் தவணை செலுத்த முடியவில்லை. நிலம் விற்றவர் கைக்கே திரும்பியது. ஒரு நிலவிற்பனை முறிந்ததால் நிகழ்ந்த பயணம், அரசின் கொடுமையால் நிகழ்ந்த வெளியேற்றமாக எழுதப்பட்டது. வைல்டர் பெயரிலான சிறார் இலக்கிய விருதின் பெயர் 2018-இல் மாற்றப்பட்டபோது விவாதம் முழுதும் தொல்குடியினரைப் பற்றிய சித்திரிப்பின் மேலேயே சுழன்றது. விலை பற்றி அப்போதும் பேச்சு மிகுதியாக எழவில்லை.

எல்லாப் புனைகதையும் மறைக்கவில்லை. ஹேம்லின் கார்லண்ட் 1889-இல் எழுதிய 'அண்டர் த லயன்ஸ் பா' சிறுகதையில், வெட்டுக்கிளியால் கன்சாஸில் எல்லாம் இழந்து வந்த ஹாஸ்கின்ஸ் பாழ்நிலம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து மூன்றாண்டு குடும்பத்தோடு உழைக்கிறான். வேலியிட்டு, கொட்டில் எழுப்பி, நிலத்தைத் திருத்திய பின் வாங்க வருகிறான். 2,500 டாலர் என்று முன்னர்ச் சொல்லப்பட்ட நிலத்திற்கு உடைமையாளர் பட்லர் இப்போது 5,500 கேட்கிறார். விலையை உயர்த்தியது ஹாஸ்கின்ஸின் உழைப்பு. அதற்கு விலை கொடுக்க வேண்டியவனும் அவனே. ஹென்றி ஜார்ஜ் 1879-இல் 'ப்ராக்ரஸ் அண்ட் பாவர்ட்டி' நூலில் நில மதிப்புயர்வு பற்றி வைத்த வாதத்தைக் கார்லண்ட் ஒரு தொழுவத்து முற்றத்தில் நிகழ்த்திக் காட்டுகிறார். பிராங்க் நோரிஸின் 'த ஆக்டோபஸ்' (1901) நாவலுக்குப் பின்னேயும் ஒரு விலைப்பட்டியல் உண்டு. கலிபோர்னியாவில் ஏக்கர் 2.50 டாலர் முதல் என்று துண்டறிக்கை விட்டு அழைத்த இருப்புப்பாதைக் குழுமம், குடியேறிகள் வாய்க்கால் வெட்டி நிலத்தை வளமாக்கிய பின் அதற்குப் பலமடங்கு விலை கேட்டது. 1880 மே 11-இல் மசல் ஸ்லூவில் எழுவர் மாண்டனர். விட்மன் கவிதைத் தலைப்பொன்றிலிருந்து பெயர் பெற்ற வில்லா கேதரின் 'ஓ பயனீர்ஸ்!' (1913) நாவலின் நாயகி அலெக்சாண்ட்ரா மண்ணை நேசித்தவளாகவே எப்போதும் பேசப்படுகிறாள். வறட்சியில் அயலார் நிலத்தை விற்று ஓடும்போது, தன் நிலத்தை அடமானம் வைத்து அவர்கள் நிலத்தை அவள் வாங்கிக் குவிப்பதும் அதே நாவலில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒருங்கே சொல்லாத வாசிப்பு பாதி வாசிப்பே.

விலை கொடுத்து மீட்டவர்கள்

இவ்வாறு விலையையும் ஆவணத்தையும் முன்னிறுத்துவது நிலத்தைச் சரக்காகவே பார்க்கும் முதலாளிய நோக்கிற்கு இடங்கொடுப்பதாகும் என்று ஒரு தடை எழக்கூடும். நிலத்தைத் தாயாகக் கருதிய மனத்தின் மேன்மையை விலைப்பட்டியல் கொண்டு அளக்கலாமா என்றும் கேட்பர். அளக்க வேண்டா. ஆயின் அம்மேன்மையை உடையவர்கள் விலைப்பட்டியலை என்ன செய்தனர் என்பதை அவர்களிடமே கேட்பது முறை.

மெஸ்க்வாக்கி குடியினரும் அவர்களோடு இணைத்துக் கருதப்பட்ட சாக் குடியினரும் 1842-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அயோவாவின் பெரும்பகுதியை இழந்து கன்சாஸுக்கு அனுப்பப்பட்டனர். மெஸ்க்வாக்கியர் சிலர் போகவில்லை. போனவர்களும் சிலர் திரும்பினர். அவர்கள் குதிரைகளை விற்றனர், உதவித்தொகையைச் சேர்த்தனர், 1856-இல் அயோவா சட்டமன்றத்தில் தங்கியிருக்க இசைவு பெற்றனர், 1857-இல் டாமா மாவட்டத்தில் ஆற்றோரம் எண்பது ஏக்கர் நிலத்தை ஆயிரம் டாலருக்கு வாங்கினர். அரசு குடியேறிகளுக்கு ஏக்கர் 1.25 டாலர் என விற்ற மாநிலத்தில், முன்னர்த் தமதாயிருந்த மண்ணுக்கு அவர்கள் ஏக்கருக்குப் பன்னிரண்டரை டாலர் கொடுத்தனர். பட்டா ஆளுநர் பெயரில் பொறுப்புரிமையாக எழுதப்பட்டது. அரசு ஒதுக்கித் தந்த காப்புநிலமாக இல்லாமல் விலைக்கு வாங்கிய ஊராக இருந்ததால், டாஸ் சட்டத்தின் அறுப்பு அவ்வூரைத் தீண்டவில்லை. எண்பது ஏக்கர் இன்று பல்லாயிரம் ஏக்கராக வளர்ந்துள்ளது.

ஒசேஜ் குடியினர் கன்சாஸ் நிலம் விற்ற தொகையைக் கொண்டு 1872-இல் செரோக்கியரிடமிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் ஏக்கரை ஏக்கர் எழுபது சென்ட் விலையில் வாங்கினர். விலைக்கு வாங்கிய நிலம் என்னும் நிலையே பின்னர்ப் பேரம் பேசுவதற்கு அவர்களுக்கு வலுவாயிற்று. மேல்நிலம் பங்கிடப்பட்டபோதும் நிலத்தடி வளம் முழுதும் குடியின் பொதுவுடைமையாகவே இருக்கும் என்று 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதச் செய்தனர். எண்ணெய் வந்தபின் 1920களில் அவ்வுரிமைக்காக அவர்கள் கொலையுண்டதும் வரலாறே. இவர்களெல்லாம் விற்பனையை அறியாதவர்கள் என்று எழுதுவது அவர்தம் அறிவிற்கும் போராட்டத்திற்கும் இழைக்கும் அவமதிப்பு.

அயல்நாட்டு ஆவணங்கள் எட்டாதவை என்னும் சமாதானமும் இனிச் செல்லாது. அமெரிக்க நடுவணரசின் நிலப் பட்டாக்கள் பல இலட்சம் எண்ணியப் படிகளாக எவரும் காணக் கிடைக்கின்றன; உடன்படிக்கைகளும் அவ்வாறே. அவற்றைத் தேட வேண்டிய கடமை தமிழ்த்துறைகளுக்கு வெளியாருக்கு இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. 1862-ஆம் ஆண்டின் மோரில் சட்டம் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர்க்கு 30,000 ஏக்கர் வீதம் மாநிலங்களுக்கு நிலம் வழங்கி, அதனை விற்ற தொகையில் கல்லூரிகளை நிறுவச் சொன்னது. அவ்வாறு 52 பல்கலைக்கழகங்களுக்குச் சென்ற நிலம் 1 கோடியே 7 இலட்சம் ஏக்கர் என்றும், அது ஏறத்தாழ 250 தொல்குடிகளிடமிருந்து வந்தது என்றும் ராபர்ட் லீ, டிரிஸ்டன் அஹ்டோன் ஆகியோர் 2020-இல் பட்டாப் பட்டாவாகத் தடம்பிடித்து வெளியிட்டனர். கலிபோர்னியா மாநிலத்தின் பங்கு 1,50,000 ஏக்கர். அம்மாநிலத் தொல்குடியினரோடு 1851, 1852 ஆண்டுகளில் செய்துகொள்ளப்பட்ட பதினெட்டு உடன்படிக்கைகளையும் மேலவை ஏற்க மறுத்து மறைத்து வைத்தது. அவை 1905 வரை வெளியாகவில்லை. ஆகவே அங்கு அரசு விற்ற நிலத்தில் பெரும்பகுதி, அரசு எவரிடமிருந்தும் வாங்காதது. அந்த விற்பனைத் தொகையால் 1868-இல் எழுந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில்தான் தமிழ் இருக்கை ஒன்று அமைந்துள்ளது; சங்க இலக்கியத் திணை மரபை ஆங்கில உலகிற்கு எடுத்துச் சென்ற மொழிபெயர்ப்புகள் பல அங்கிருந்தே வெளிவந்தன.